கப்பல் டேட்டாபேஸை அப்டேட் செய்தால் பழைய சினாரியோ ஏன் உடைகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பியும் அவருடைய மூன்று நண்பர்களும் சேர்ந்து கணினிக்காக ஒரு கடற்போர் விளையாட்டு செய்துவருகிறார்கள். கப்பல், நீர்மூழ்கி, விமானம், ஏவுகணை என்று ஏறக்குறைய நானூறு வரிகள், எல்லாம் ஒரே எக்ஸெல் கோப்பில். புதிதாக ஒரு கப்பலைச் சேர்த்தாலோ பழைய எண் ஒன்றைத் திருத்தினாலோ, போன மாதம் நன்றாக ஓடிய சினாரியோ (எந்த ஆண்டு, எந்தக் கடல், எந்தக் கப்பல்கள் என்று எழுதிவைத்த ஒரு போர்ச்சூழல்) இந்த மாதம் கோணலாகிவிடுகிறது. "இதை எப்படிப் பராமரிப்பது அண்ணா? தகவலை எங்கிருந்து எடுப்பது? எந்த அளவு விவரம் போதும்?" என்று கேட்டு, கோப்பையும் அனுப்பியிருக்கிறார்.

பதினொரு வருடமாக நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன், சம்பளம் இல்லாமல். சனிக்கிழமை ராத்திரி பிடோக் கோப்பிக்கடையில் நாலு பேர் காகிதத்தில் விளையாடிய ஆட்டத்துக்காக எழுதி வைத்த அட்டைகள் அப்புறம் கோப்பாகி, கோப்பு டேட்டாபேஸாகி, இன்று இரண்டாயிரம் பதிவுகளைத் தாண்டிவிட்டது. செய்யக்கூடாததை எல்லாம் ஒரு தடவையாவது செய்து பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் கோப்பின் முதல் பத்து வரியைப் பார்த்ததுமே கோளாறு தெரிந்துவிட்டது. கப்பலின் பெயரையே அடையாளமாக வைத்திருக்கிறீர்கள். சினாரியோ "ஃபியர்லெஸ்" என்று கூப்பிடுகிறது. டேட்டாபேஸும் ஒரு ஃபியர்லெஸை எடுத்துக் கொடுக்கிறது. சரி, எந்த ஃபியர்லெஸ்?

நம் சிங்கப்பூர்க் கடற்படையில் அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்திருக்கின்றன. முதலாவது 1996இல் சேவைக்கு வந்த சுற்றுக்காவல் கப்பல். 55 மீட்டர் நீளம், 500 டன், பக்கவாட்டில் 94 என்ற எண். நீர்மூழ்கியைத் தேட சோனாரும், அடிக்க டார்பிடோவும் வைத்திருந்தது. இரண்டாவது, 2020இல் வந்த கரையோரப் பணிக் கப்பல். 80 மீட்டர், 1,250 டன், எண் 22. அதில் டார்பிடோ இல்லை. பதிலாகச் செங்குத்தாகப் பாயும் 12 மிக்கா விமான எதிர்ப்பு ஏவுகணைகள். நீங்கள் புதியதைச் சேர்க்கும்போது பழைய வரியின் மேலேயே எழுதிவிட்டீர்கள். உங்கள் 1999 சினாரியோவில் நீர்மூழ்கியைத் துரத்தப் போன கப்பல், கையில் டார்பிடோ இல்லாமல் வட்டமடித்துக்கொண்டு நின்றது அதனால்தான்.

இது ஒரு கப்பலோடு போகிற சங்கதி இல்லை. புதிய ஃபியர்லெஸ் இண்டிபெண்டன்ஸ் வகுப்பைச் சேர்ந்தது, அதாவது ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்களில் ஒன்று. அந்த வகுப்பில் மொத்தம் எட்டுக் கப்பல்கள். இண்டிபெண்டன்ஸ், சாவரின்டி, யூனிட்டி, ஜஸ்டிஸ், டான்ட்லெஸ், ஃபியர்லெஸ் ஆகிய ஆறும் பழைய சுற்றுக்காவல் கப்பல்களின் பெயர்கள். இன்டாமிட்டபிள், ஃபார்ட்டிட்யூட் இரண்டு மட்டும்தான் புதுசு. 1990இல் வந்த ஏவுகணைக் கொர்வெட்டான (சிறிய போர்க்கப்பல்) விக்டரியின் பெயரை, 2025இல் கடலில் இறக்கிய புதிய பல்பணிப் போர்க்கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிகளை எண்ண ஆரம்பித்தால் விரல் மடக்க வேண்டியிருக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது கடற்படைகளின் வழக்கம். அவர்கள் மாறமாட்டார்கள், நாம்தான் மாற வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் அர்த்தமே இல்லாத ஓர் எண் கொடுங்கள். 1017, 1018 என்று வரிசையாகப் போனால் போதும். நாட்டின் குறியீடு, வகுப்பு, ஆண்டு என்று அந்த எண்ணுக்குள் புத்திசாலித்தனம் எதையும் திணிக்காதீர்கள். நாளைக்கு அந்தக் கப்பலை வேறொரு நாடு வாங்கிக்கொண்டு போனால் உங்கள் எண் பொய் சொல்லும். நம்முடைய சேலஞ்சர் வகுப்பு நீர்மூழ்கிகளும் ஆர்ச்சர் வகுப்பும் சுவீடனின் கடற்படையில் உழைத்துவிட்டு இங்கே வந்தவைதானே. சினாரியோவுக்குள் இருக்க வேண்டியது அந்த எண் மட்டும். பெயர் மனிதர்கள் படிப்பதற்கு.

ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு எதற்கும் திரும்பக் கொடுக்கவே கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. ஐந்தாறு வருடத்துக்கு முன் கோப்பைச் சுத்தம் செய்யும் வேகத்தில், ஒரே மாதிரி இரண்டு மீன்பிடிப் படகுகள் இருப்பதைப் பார்த்து ஒன்றை அழித்தேன். அது விட்டுச்சென்ற எண் காலியாகக் கிடந்ததால், அடுத்து சேர்த்த டீசல் நீர்மூழ்கிக்கு அதையே கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து நண்பர் ஒருவர் மலாக்கா நீரிணை சினாரியோவைத் திறந்திருக்கிறார். அதில் பின்னணிக்காக இருபது மீன்பிடிப் படகுகளை விட்டிருந்தோம். திறந்ததும் இருபது நீர்மூழ்கிகள், நீருக்கு மேலே, நாலு நாட் வேகத்தில், வலை விரிக்கப் போவதுபோல வரிசையாக. அவர் அனுப்பிய படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதிலிருந்து அழிப்பது என்ற வேலையே எங்களிடம் கிடையாது. வேண்டாத பதிவுக்கு "பயன்பாட்டில் இல்லை" என்று ஒரு குறி. புதிதாக சினாரியோ எழுதுபவருக்கு அது பட்டியலில் தெரியாது. பழைய சினாரியோ கேட்டால் கிடைக்கும்.

சேவையிலிருந்து போன கப்பலையும் இதே மாதிரி எடுக்கக் கூடாது. 2003 ஜனவரியில் கரேஜியஸ் என்ற சுற்றுக்காவல் கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி நான்கு பேர் உயிரிழந்தார்கள். கப்பல் அதன்பிறகு பணிக்குத் திரும்பவில்லை. 2002இல் நடக்கும் சினாரியோவுக்கு அது இருந்தாக வேண்டும், 2004க்கு இருக்கக் கூடாது. இதைச் சமாளிக்கத் தேவை ஒரு தொடக்கத் தேதியும் ஒரு முடிவுத் தேதியும்தான்.

தொடக்கத் தேதி என்று சொன்னதும் அடுத்த தலைவலி. எந்தத் தேதி? இன்வின்சிபிள் நீர்மூழ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் கீல் நகரில் 2019 பிப்ரவரியில் கடலில் இறக்கினார்கள். முறையாகப் படையில் சேர்ந்தது 2024 செப்டம்பரில், இம்பெக்கபிளோடு சேர்ந்து. நடுவில் ஐந்தரை வருடம். கடலில் இறக்கிய செய்தியைப் பார்த்துவிட்டு 2019 என்று போட்டால், 2021 சினாரியோ ஆடுகிறவருக்கு இல்லாத நீர்மூழ்கி ஒன்று இலவசமாகக் கிடைத்துவிடும். உங்கள் கோப்பிலும் 2019 என்றுதான் இருக்கிறது. இறக்கிய நாள், ஒப்படைத்த நாள், படையில் சேர்ந்த நாள் என மூன்று கட்டங்களாகப் பிரித்து வையுங்கள். விளையாட்டு மூன்றாவதை மட்டும் படிக்கட்டும். மற்ற இரண்டும் வாதாட வருகிறவர்களுக்குக் காட்ட.

இனி, ஒரே கப்பல் காலப்போக்கில் மாறுவது. விக்டரி வகுப்புக் கொர்வெட்டுகள் 1990-91இல் வந்தபோது ஹார்ப்பூன் ஏவுகணைகளும் 76 மில்லிமீட்டர் பீரங்கியும் நீர்மூழ்கி எதிர்ப்பு டார்பிடோக்களும் வைத்திருந்தன. தொண்ணூறுகளில் பராக் விமான எதிர்ப்பு ஏவுகணை ஏறியது. 2010ஐ ஒட்டி நடந்த மேம்பாட்டில் டார்பிடோவையும் இழுவை சோனாரையும் கழற்றிவிட்டு, ஸ்கேன்ஈகிள் ஆளில்லா விமானத்தை ஏற்றினார்கள். 62 மீட்டர் நீளமுள்ள அந்த ஒரே உடலுக்குள் மூன்று வெவ்வேறு கப்பல்கள் இருக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்வேன். மூன்று பதிவுகள், மூன்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் தன் காலம். முதலாவதைத் திருத்தி மூன்றாவதாக்கினால் 1992ஐயே மாற்றி எழுதிய மாதிரி.

அதற்காக ஒவ்வொரு புதுப் பூச்சுக்கும் ஒரு பதிவா என்று கேட்பீர்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இந்த மாற்றத்தால் விளையாடுகிறவர் வேறு மாதிரி முடிவெடுப்பாரா? டார்பிடோவைக் கழற்றினால் எடுப்பார். அந்தக் கப்பலை நீர்மூழ்கி இருக்கும் பக்கம் அனுப்பமாட்டார். வழிகாட்டும் ராடாரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றினால் எடுக்கமாட்டார். அதற்குக் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி போதும். நானூறு பதிவுகளை நான்கு பேர் ஒழுங்காகக் கவனிக்கலாம். ஆசைப்பட்டு நாலாயிரம் ஆக்கினால் ஒன்றையும் கவனிக்க முடியாது.

உங்கள் கோப்பில் எனக்குப் பிடித்த விஷயம், ஆயுதங்களைத் தனிப் பட்டியலாக வைத்து, கப்பல்கள் அதைச் சுட்டுமாறு செய்திருப்பது. நல்ல வேலை. ஆனால் அதுவே இரண்டாவது உடைப்புக்கும் காரணம். ஹார்ப்பூனின் தூரத்தை யாரோ 124 என்று திருத்தியிருக்கிறீர்கள். பல இடங்களில் 124 என்றுதான் போட்டிருக்கும், அது கிலோமீட்டர். உங்கள் கட்டமோ கடல் மைலில் இருக்கிறது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். 124 கிலோமீட்டர் என்பது 67 கடல் மைல். ஒரே ஒரு கட்டத்தில் அடித்த ஒரே ஒரு எண்ணால், ஹார்ப்பூன் வைத்திருக்கும் அத்தனை நாட்டுக் கப்பல்களும் ஒரே ராத்திரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் அடிக்க ஆரம்பித்துவிட்டன.

இதற்கு மருந்து: எண்ணை மட்டும் எழுதாதீர்கள். படித்த இடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு கட்டம், அலகோடு. பக்கத்துக் கட்டத்தில், விளையாட்டுக்கு வேண்டிய அலகுக்கு மாற்றிய எண். அந்த மாற்றத்தைக் கணினி செய்யட்டும், நீங்கள் செய்யாதீர்கள். அப்புறம் எங்கே படித்தது, எந்த நாளில், எவ்வளவு நம்பலாம். தற்காப்பு அமைச்சு இண்டிபெண்டன்ஸ் வகுப்பின் வேகத்தை "27 நாட் வேகத்துக்கு மேல்" என்றுதான் சொல்லியிருக்கிறது. உங்கள் கட்டத்தில் வெறும் 27 நிற்கிறது. "மேல்" என்ற சொல் எங்கே போயிற்று? அடுத்த வருடம் உங்களில் ஒருவர் வந்து இதை 30 ஆக்குவார், காரணம் கேட்டால் ஞாபகம் இருக்காது.

டன் விஷயத்தில் மட்டும் ரொம்ப மெனக்கெட வேண்டாம். பழைய ஆங்கில டன் 1,016 கிலோ, மெட்ரிக் டன் 1,000 கிலோ. இதற்குச் சண்டை போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கு ஒன்றரை சதவீதத்தில் எந்தக் கப்பலும் மூழ்கிவிடாது. எரிபொருளும் குண்டும் நிரப்பிய முழு எடையா, அவை இல்லாத எடையா என்பதைக் கவனியுங்கள். அங்கேதான் பெரிய வித்தியாசம் வரும். சேதக் கணக்கு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

ராடார் அலைவரிசை எழுத்துகள் இன்னொரு பொறி. பொறியாளர்கள் சி பேண்ட் என்றால் 4 முதல் 8 கிகாஹெர்ட்ஸ். நேட்டோவின் மின்னணுப் போர் ஆட்கள் சி பேண்ட் என்றால் 0.5 முதல் 1 கிகாஹெர்ட்ஸ். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. ஒரு கப்பலின் ராடாரை ஒரு முறையிலும், எதிரியின் அலை உணரும் கருவியை மற்ற முறையிலும் பதிந்துவிட்டால், பக்கத்திலேயே ராடார் முழுச் சத்தத்தில் கத்திக்கொண்டிருக்கும், எதிரி காது கேளாதவர் மாதிரி போய்க்கொண்டிருப்பார். எழுத்தை விட்டுவிட்டு கிகாஹெர்ட்ஸிலேயே எழுதுங்கள்.

எக்ஸெலைப் பற்றி ஒரு புலம்பல். 5 அங்குலம் விட்டம், 54 மடங்கு நீளம் உள்ள பீரங்கியைக் கப்பல்காரர்கள் 5/54 என்று எழுதுவார்கள். எக்ஸெலில் அடித்துப் பாருங்கள், 1954 மே மாதம் என்று மாற்றி வைத்துக்கொள்ளும். 5/38 என்றாலும் மே மாதம்தான். பிரேசிலின் மார்-1 ஏவுகணையை ஆங்கிலத்தில் அடித்தால் மார்ச் முதல் தேதி. உங்கள் பீரங்கிப் பட்டியலில் இப்போதே இரண்டு மே மாதங்கள் இருக்கின்றன, நான் எண்ணிவிட்டேன். எல்லாவற்றையும் வெறும் உரைக் கோப்பாக, சிஎஸ்வியாக மாற்றி, கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் போட்டு வையுங்கள். யார், எந்த நாளில், எந்த எண்ணை மாற்றினார் என்பது தானாகவே தெரியும். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எதை டேட்டாபேஸில் வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். தாழப் பறக்கும் ஏவுகணையைக் கப்பல் எத்தனை தூரத்தில் பார்க்கும் என்று ஒவ்வொரு ராடாருக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். அது ராடாரின் குணமில்லை, பூமி உருண்டையாக இருப்பதால் வருவது. ராடார் இருக்கும் உயரத்தின் வர்க்கமூலத்தையும் இலக்கின் உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். உயரங்கள் மீட்டரில். ராடார் 16 மீட்டரில், ஏவுகணை 4 மீட்டரில் என்றால், 4ம் 2ம் ஆறு, பெருக்கினால் 24.7 கிலோமீட்டர். ஒலியை ஒட்டிய வேகத்தில், விநாடிக்கு 290 மீட்டராக வரும் ஏவுகணைக்கு அது 85 விநாடி. கப்பலின் உயிரே அந்த 85 விநாடியில்தான் இருக்கிறது. அதை முடிவு செய்வது ராடாரின் உயரம். அந்தக் கட்டமே உங்களிடம் இல்லை!

உயரத்தை யாரும் வெளியிடமாட்டார்கள், படத்திலிருந்து எடுக்கலாம். நேர் பக்கவாட்டில், தூரத்திலிருந்து எடுத்த படமாகத் தேடுங்கள். 80 மீட்டர் கப்பல் படத்தில் 1,600 புள்ளி நீளம் இருந்தால், மீட்டருக்கு 20 புள்ளி. நீர்மட்டத்திலிருந்து ராடார் 360 புள்ளி உயரத்தில் இருந்தால் 18 மீட்டர். ஒரு மீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் ஆட்டத்துக்குப் போதும். கடற்படை பொதுமக்களுக்குக் கப்பலைத் திறந்துவிடும் நாட்களில் எடுத்த படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அதை விட்டுவிட்டுத் துவாஸிலோ சாங்கியிலோ தளத்தின் வேலி ஓரமாகப் போய் கேமராவை நீட்டாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம்.

இதோடு சேர்த்து ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்களில் ஒருவர் தேசிய சேவையைக் கடற்படையில் முடித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் கப்பலில் பார்த்தது எதுவும் இந்தக் கோப்புக்குள் வரக் கூடாது. "இந்த எண் தப்பு, எனக்குத் தெரியும்" என்று அவர் ஜாடை காட்டுவதும் கூடாது. இங்கே அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் விளையாட்டுக்கு இல்லை. எங்கள் குழுவில் கடற்படையில் சேவை செய்த இருவர் இருக்கிறார்கள். சிங்கப்பூர்க் கப்பல்களின் பதிவுகளை அவர்கள் தொடவேமாட்டார்கள். அவர்கள் பங்கு ஐரோப்பாவும் தென் அமெரிக்காவும். வெளியே அச்சான தகவல் இல்லையென்றால் பதிவில் அந்த எண் இல்லை, அவ்வளவுதான்.

பழைய தேதிகளுக்குத் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பு நல்ல இடம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் இருக்கின்றன. எந்தக் கப்பல் எந்த நாளில் படையில் சேர்ந்தது என்பதற்கு, மறுநாள் பேப்பரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆயுத விவரத்துக்கு மட்டும் பேப்பரை நம்பாதீர்கள். கொர்வெட்டை ஃப்ரிகேட் என்றும், ஃப்ரிகேட்டை நாசகாரிக் கப்பல் என்றும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

எண் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஆட்களுக்குப் பழக்கமான ஒரு கப்பலையே சொல்கிறேன். முதல் உலகப்போர் கால ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். சாமர்த்தியக்காரனைப் பார்த்து "சரியான எம்டன்" என்று பாட்டி திட்டுவாரே, அதே எம்டன்தான். 1914 செப்டம்பரில் சென்னையில் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. அக்டோபரில், மூன்று புகைபோக்கி உள்ள அந்தக் கப்பல் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் தேதி கோக்கோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி அதைப் பிடித்தது. சிட்னியில் 6 அங்குலப் பீரங்கி எட்டு; எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து, சிறியவை. இந்தத் தூரத்தில் நின்றால் அதன் குண்டு நம்மை எட்டாது என்று ஒரு கணக்கு சிட்னியின் கேப்டன் கிளாசப்பின் மனதில் இருந்தது. எம்டன் முதலில் சுட்டது, குண்டுகள் வந்து விழுந்தன, தூரம் அளக்கும் கருவி போயிற்று, ஆட்கள் இறந்தார்கள். அந்தப் பீரங்கிக் குழாயை அவர்கள் நினைத்ததைவிட அதிகமாக மேலே தூக்க முடிந்திருக்கிறது. சிட்னி அப்புறம் விலகி நின்று பெரிய பீரங்கியால் முடித்துவிட்டது என்பது வேறு. (எம்டன் மாலுமிகள் சிலர் இங்கே டாங்லினில் கைதிகளாக இருந்ததும், 1915 பிப்ரவரி சிப்பாய்க் கலகத்தில் அவர்களை அவிழ்த்துவிட்டதும் தனிக் கதை.)

இதில் உங்களுக்கு வேலைக்கு ஆகும் விஷயம்: உண்மையான தூரம் ஒரு எண், எதிரி நம்பும் தூரம் இன்னொரு எண். டேட்டாபேஸில் உண்மை இருக்கட்டும். ஆட்டக்காரருக்கு எதிரிக் கப்பலைப் பற்றிக் காட்டும் அட்டையில் அந்தக் காலத்து நம்பிக்கையைக் காட்டுங்கள், அது சினாரியோவின் சொத்து. இப்போது நீங்கள் எதிரியின் எல்லா எண்ணையும் அட்சரசுத்தமாகக் காட்டுகிறீர்கள். எல்லோரும் கிளாசப்பைவிட விவரமானவர்களாக ஆடுகிறார்கள்.

டேட்டாபேஸுக்கும் சினாரியோவுக்கும் நடுவில் கோடு போட இன்னொரு உதாரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி மாலை சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் பத்தாம் தேதி மலாயாவின் குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்களால் மூழ்கின. காகிதத்தில் பார்த்தால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் விமான எதிர்ப்பு அந்தக் காலத்தில் முதல் தரம், பீரங்கியை ராடார் வழிநடத்தும். ஆனால் இங்கத்து வெப்பத்திலும் புழுக்கத்திலும் அந்த ராடார்கள் கெட்டுப்போயிருந்தன, சரிசெய்ய நேரமில்லை. உங்களில் ஒருவர் இதைப் படித்துவிட்டு, கப்பலின் பதிவிலேயே ராடாரின் தரத்தைக் குறைத்திருக்கிறார். ஐயோ, வேண்டாம். அதே கப்பல் அதே வருடம் மே மாதம் வட அட்லாண்டிக்கில் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலோடு மோதிய சினாரியோவும் உங்களிடம் இருக்கிறது. அங்கே ஏது சிங்கப்பூர் வெயில்? பதிவில் ராடார் நல்ல நிலையில் இருக்கட்டும். குவாந்தான் சினாரியோ தொடங்கும்போது "பழுது" என்று அங்கே ஒரு வரி எழுதுங்கள். கப்பல் கட்டியபோது எப்படி இருந்ததோ அது டேட்டாபேஸ். அன்று காலை எப்படி இருந்தது, மாலுமிகள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதெல்லாம் சினாரியோ.

அப்டேட் வெளியிடும் முறைக்கு வருகிறேன், இது சின்ன விஷயம். கிடைக்கிற போதெல்லாம் ஒன்று மாற்றி வெளியிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு பதிப்பு எண்ணோடு, மாற்றங்களின் பட்டியலோடு. ஒவ்வொரு சினாரியோவும் தான் எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்று தன்னோடு எழுதி வைத்திருக்கட்டும், அந்தப் பழைய பதிப்பும் கூடவே வரட்டும். புதுப் பதிப்புக்கு மாற வேண்டுமா என்பதை சினாரியோ எழுதியவர் முடிவு செய்வார். வெளியிடுவதற்கு முன் ஐந்தாறு பழைய சினாரியோக்களை ஆளில்லாமல் ஓடவிட்டு, முன்பு வந்த முடிவோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் திடீரென்று பத்துக்குப் பத்து ஜெயித்தால், எங்கேயோ கிலோமீட்டர் கடல் மைலாகியிருக்கிறது. அப்புறம், ஒருவர் போட்ட எண்ணை இன்னொருவர் மூலத்தோடு சரிபார்த்த பிறகே உள்ளே விடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அடித்த எண்ணை அடித்தவரே சரிபார்த்தால் சரியாகத்தான் தெரியும்.

கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் உண்மையில் பெரிய வேலை. ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் தன் நாட்டு ஏவுகணை இன்னும் தூரம் போக வேண்டும். கடுங்கோபத்தோடு வருவார்கள். "மூலத்தைக் காட்டுங்கள், அடுத்த பதிப்பில் பார்ப்போம்" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாதீர்கள். இன்னும் வராத கப்பலைக் கேட்பவர்களுக்கு மட்டும் நான் கொஞ்சம் இளகிவிடுவேன், ஆசை நியாயமானதுதானே. புதிய விக்டரி போன்றவற்றைச் சேருங்கள், "உத்தேசம்" என்று குறியிட்டு. நம் பல்பணிப் போர்க்கப்பல்கள் 2028 முதல்தான் கைக்கு வர இருக்கின்றன. அதுவரை அதன் எண்களில் பாதி ஊகம் என்று விளையாடுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

கப்பல் விவரங்களைத் தொகுப்பதும் கப்பல் விளையாட்டும் ஒட்டிப் பிறந்தவை. உலகக் கடற்படைகளைப் பற்றி இன்றைக்கும் எல்லோரும் புரட்டும் ஜேன்ஸ் ஆண்டேட்டை 1898இல் தொடங்கிய ஃபிரெட் ஜேன், அதே காலத்தில் ஒரு கடற்போர் விளையாட்டையும் வெளியிட்டார். ஆட்டத்துக்கு யூனிட் பட்டியல் தேவைப்பட்ட ஆள்தான் அவரும். ஆக உங்கள் கோப்பைப் பார்த்து வீட்டில் யாராவது "வேலையற்ற வேலை" என்றால் இதைச் சொல்லிக்கொள்ளலாம். என் வீட்டில் எடுபடவில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கோப்பை அப்படியே நகல் எடுத்து "பதிப்பு 1" என்று பூட்டி வையுங்கள், அதை இனி யாரும் தொடக்கூடாது. நானூறு வரிகளுக்கும் எண் போடுங்கள், ஒரு சாயங்காலம் போதும். சினாரியோக்களில் பெயர் இருக்கும் இடத்தில் எல்லாம் அந்த எண்ணை வையுங்கள். இதற்கு ஒரு சின்ன நிரல் எழுதிவிடலாம். ஃபியர்லெஸை இரண்டாகப் பிரியுங்கள், விக்டரியை மூன்றாக, உத்தேசத்தையும் சேர்த்தால் நான்காக. சுற்றுக்காவல் கப்பல்களில் முதல் ஆறுக்குத்தான் நீர்மூழ்கி எதிர்ப்பு உண்டு, அடுத்த ஆறுக்குக் கிடையாது. அங்கேயும் இரண்டு பதிவு வேண்டும். அப்படியே அந்த இரண்டு மே மாதங்களையும் பீரங்கியாக்கிவிடுங்கள். முடிந்ததும் சிங்கப்பூர்ப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். கண்ணிவாரிக் கப்பல்கள் நாலும் அதில் விட்டுப்போயிருக்கின்றன: பிடோக், காலாங், காத்தோங், பொங்கோல். என் பேட்டையை விட்டுவிட்டீர்களே தம்பி.